4096 பைட்டில் நின்றுபோன கோப்பு

சர்வரில் பாதிப் பேரால் உள்நுழைய முடியவில்லை என்று தகவல் வந்தபோது, நல்ல வேளையாக எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஒரு டெர்மினல் ஏற்கெனவே திறந்திருந்தது. பயனர்களின் அடைவுகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். உரிமையாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் சிலருக்குப் பெயர் வந்தது, பலருக்கு வெறும் எண்தான் வந்தது. அந்த எண்ணுக்கு உரிய பெயரைத் தேடிக் கிடைக்காதபோதுதான் அப்படி வரும். பெயர்கள் இருக்கும் இடம் ஈடிசி அடைவில் உள்ள பாஸ்வேடு கோப்பு. அதன் அளவைப் பார்த்தேன். 4096 பைட். முந்தைய நாள் வரை ஆறாயிரத்துச் சொச்சம் பைட் இருந்த கோப்பு அது. கடைசி வரியில் ஒரு பயனர் பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஓர் எக்ஸ், இன்னொரு முக்காற்புள்ளி, அப்புறம் 10 என்று இரண்டு இலக்கங்கள். வரி முடியாமலே கோப்பு முடிந்திருந்தது.

டிஸ்க் பழுதானால் கோப்பு பொதுவாக இவ்வளவு கச்சிதமான அளவில் வந்து நிற்காது. லினக்ஸில் ஒரு கோப்புக்கு எழுதும்போது சி நூலகம் வழக்கமாக ஒதுக்கிக்கொள்ளும் பஃபரின், அதாவது எழுத வேண்டியதைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடத்தின், அளவு 4096. ஒரு கோப்பு 4096-லோ அதன் மடங்கிலோ அறுந்து நின்றால், எழுதிக்கொண்டிருந்த நிரல் பாதியில் நின்றது என்று சந்தேகிக்க அது போதும். எழுதிய நிரல் என்னுடையது. வேறோர் இடத்திலிருந்து வரும் பட்டியலோடு கணக்குகளை ஒத்திசைக்க நான் எழுதிய சின்ன சி நிரல். முந்தைய இரவு அது ஓடியிருந்தது. "முடிந்தது" என்று பதிவும் செய்திருந்தது.

கணினியே வைத்துக்கொள்ளும் காப்புப் பிரதி ஒன்று, பெயரின் கடைசியில் ஒரு கழித்தல் குறியோடு, பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துப் போட்டு, அதற்குப் பிறகு சேர்ந்த நான்கைந்து கணக்குகளைக் கையால் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆனால் என் நிரலை மறுபடி படித்தபோதுதான் உண்மையான அதிர்ச்சி. ஒவ்வொரு வரியை எழுதிய பிறகும் பிழை வந்ததா என்று நான் சோதித்திருந்தேன். ஒரு சோதனைகூட விடுபடவில்லை. அத்தனை சோதனையும் "சரி" என்றுதான் சொல்லியிருக்கின்றன.

எப்படி? சி மொழியில் எழுதுவதற்கான செயல்பாடான எஃப்பிரிண்ட்எஃப்பை அழைத்து ஒரு வரியை எழுதச் சொன்னால், அந்த வரி டிஸ்குக்குப் போவதில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குக்கூடப் போவதில்லை. நிரலின் சொந்த நினைவகத்தில் இருக்கும் பஃபரில் போய் உட்காருகிறது. பஃபரில் இடம் இருந்ததா, வரி உள்ளே போயிற்றா என்பதற்குத்தான் எஃப்பிரிண்ட்எஃப் பதில் சொல்கிறது. பஃபர் நிரம்பும்போது 4096 பைட்டும் மொத்தமாகக் கெர்னலிடம் போகும். என் கோப்பில் முதல் 4096 பைட் அப்படிப் போனது. மீதி இரண்டாயிரத்துச் சொச்சம் பைட் பஃபரை நிரப்பவில்லை, ஆகவே கடைசி வரை நினைவகத்திலேயே இருந்தது. அது வெளியே போக முயன்ற ஒரே தருணம், கோப்பை மூடும் எஃப்குளோஸ். அந்த நேரத்தில் டிஸ்கில் இடமில்லை. எஃப்குளோஸ் "இடமில்லை" என்று ஒழுங்காகத் திருப்பிச் சொல்லியிருக்கிறது. அதன் பதிலை மட்டும் நான் வாங்கிப் பார்க்கவில்லை. மூடுவதில் என்ன தவறு நடந்துவிடப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

இது நான் மட்டும் செய்கிற தவறு இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். லினக்ஸில் டெவ் அடைவில் ஃபுல் என்று ஒரு சாதனக் கோப்பு உண்டு. அதில் எதை எழுதினாலும் "இடமில்லை" என்ற பிழை வரும். அதற்காகவே இருக்கும் சாதனம் அது. ஒரே ஒரு வாழ்த்து வரியை அச்சிடும் முதல் பாட நிரலை எழுதி, அதன் வெளியீட்டை அந்தச் சாதனத்துக்குத் திருப்பிப் பாருங்கள். ஒரு எழுத்துகூட எங்கும் போய்ச் சேராது. நிரலோ வெற்றி என்று சொல்லி முடியும். லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய குனு கோர்யூட்டில்ஸ் கருவிகள் முடியும் தறுவாயில் வெளியீட்டை மூடி, அது ஒழுங்காக மூடியதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு துணைச் செயல்பாட்டை வைத்திருக்கின்றன. அது ஏன் தேவை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

2011-ல் இதே பிழை லினக்ஸின் சொந்த நூலகத்திலேயே இருந்தது. அப்போதெல்லாம் எந்தெந்த டிஸ்க் எங்கெங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல், ஈடிசி அடைவில் எம்டேப் என்ற சாதாரண உரைக் கோப்பாக இருந்தது. மவுன்ட் கட்டளை ஒவ்வொரு முறையும் அதன் கடைசியில் ஒரு வரி சேர்க்கும். அந்த வரியைச் சேர்க்க லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் ஒரு செயல்பாடு இருந்தது. 2.13 வரையிலான பதிப்புகளில் அது எஃப்பிரிண்ட்எஃப் சொன்ன பதிலை மட்டும் நம்பி "சேர்த்தாயிற்று" என்று சொல்லிவிடும். பஃபர் வெளியே போனதா என்று பார்க்காது. பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2011-1089 என்று அதற்கு எண் கொடுத்தார்கள். எழுதிய கையோடு பஃபரைக் காலி செய்யும் எஃப்ஃபிளஷ்ஷை அழைத்து, அதன் பதிலைப் பார்ப்பதுதான் திருத்தம். ஏறக்குறைய ஒரு வரி.

அந்தப் பிழையை யாரும் டிஸ்க் நிரம்பும் வரை காத்திருந்து கிளப்ப வேண்டியதில்லை என்பதுதான் கவலைக்குரிய பகுதி. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒவ்வொரு நிரலுக்கும் "நீ எழுதும் கோப்பு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது" என்று ஒரு வரம்பு வைக்கலாம். ஷெல்லில் யூலிமிட் கட்டளைக்கு எஃப் என்ற தெரிவைக் கொடுத்தால் போதும். அந்த வரம்பு, அடுத்து ஓடும் நிரலுக்கும் அப்படியே போகும். யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடும் செட்யுஐடி நிரலுக்கும் போகும். ஆகவே எந்த அதிகாரமும் இல்லாத ஒரு பயனர் வரம்பைச் சின்னதாக வைத்துவிட்டு, மவுன்ட் போன்ற ஒரு நிரலை ஓட்டினால், ரூட்டுக்குச் சொந்தமான கோப்பு ஒன்று அவர் விரும்பிய இடத்தில் அறுந்து நிற்கும். வரம்பைத் தாண்டி எழுத முயன்றால் கெர்னல் நிரலுக்கு ஒரு சிக்னல், அதாவது குறுக்கிட்டு வரும் அறிவிப்பு ஒன்று, அனுப்பும். அதன் இயல்பான விளைவு நிரலின் மரணம். சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தால் நிரல் சாகாது, "கோப்பு மிகப் பெரிது" என்ற பிழை மட்டும் வரும். சிக்னலைப் புறக்கணிக்கும் அந்த ஏற்பாடும் நிரலிலிருந்து நிரலுக்கு வாரிசாகப் போகும். எழுதுவது தோற்பதும் சிக்னல் வந்து குறுக்கிடுவதும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்த ஒரு தாக்குதலைப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. இரண்டிலும் நடப்பது ஒன்றே. நிரல் எந்த வரியில் வேண்டுமானாலும் நின்றுபோகலாம்.

சிக்னல் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவர் டெர்மினலில் கன்ட்ரோல்-சி அழுத்தலாம். பிணைய இணைப்பு அறுந்தால் தொடர்பு துண்டிப்புச் சிக்னல் வரும். கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் நிரல் சாகாமல் உறைந்து நிற்கும், மற்ற நிரல்கள் கோப்பைத் தொடாமல் தடுக்கும் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டே. நினைவகம் போதாமல் கெர்னல் தானே ஒரு நிரலைத் தேர்ந்து கொல்லலாம். செட்யுஐடி நிரல் ஒன்றை ஓட்டியவர் சாதாரணப் பயனராக இருந்தாலும், அந்த நிரலின் உண்மையான பயனர் எண் இன்னும் அவருடையதாகவே இருந்தால், அதற்கு அவர் சிக்னல் அனுப்ப முடியும். 9-ஆம் சிக்னலும் அதில் அடக்கம். அதை யாராலும் தடுக்கவோ பிடிக்கவோ முடியாது.

சிக்னல் வந்தால் பிடித்துத் துப்புரவாக முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு கையாளி எழுதுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நானும் எழுதியிருந்தேன். என் கையாளி ஒரு செய்தியை அச்சிட்டு, எக்ஸிட்டை அழைத்தது. இதில் இரண்டு ஆபத்துகள். சிக்னல் எந்த நொடியிலும் வரும், எஃப்பிரிண்ட்எஃப் பாதி வேலையில் இருக்கும்போதும் வரும். அந்த நேரத்தில் கையாளிக்குள் இன்னோர் எஃப்பிரிண்ட்எஃப் ஓடினால் பஃபரின் உள் கணக்குகள் குழம்பலாம், பூட்டில் சிக்கி நிரல் நிரந்தரமாகத் தொங்கலாம். இரண்டாவது ஆபத்து இன்னும் மோசம். எக்ஸிட் என்பது சும்மா வெளியேறுவதில்லை. திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளின் பஃபரையும் காலி செய்துவிட்டுத்தான் வெளியேறும். பாதி எழுதிய வரி பஃபரில் இருந்தால், அந்தப் பாதி வரியைப் பத்திரமாகக் கோப்பில் சேர்த்துவிட்டுப் போகும். கோப்பைக் காப்பாற்ற எழுதிய கையாளியே கோப்பைக் கெடுக்கும். கையாளிக்குள் ஒரு மாறியில் குறி வைப்பதைத் தவிர வேறு எதையும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும், முக்கிய ஓட்டத்தில் பொருத்தமான இடத்தில் அந்தக் குறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் இப்போது கடைப்பிடிப்பது அதைத்தான்.

இத்தனையும் பார்த்த பிறகு, என் பழைய நிரலின் அடிப்படைத் தவறு எஃப்குளோஸைச் சோதிக்காதது இல்லை என்று எனக்குத் தெளிவாயிற்று. அதைச் சோதித்திருந்தால் தோல்வி எனக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். கோப்பு அப்போதும் 4096 பைட்டில்தான் நின்றிருக்கும். ஏனென்றால் எழுதுவதற்காகக் கோப்பைத் திறந்த அந்த முதல் வரியிலேயே பழைய உள்ளடக்கம் பூஜ்யமாகிவிட்டது. புதியது முழுதாகத் தயாராகும் முன்பே பழையதை அழித்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள், எந்தப் பிழையும் நடக்காத நாட்களில்கூட, என் நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் சில மில்லி நொடிகளுக்குப் பாஸ்வேடு கோப்பு காலியாக இருந்திருக்கிறது. அந்த நொடியில் உள்நுழைய முயன்றவருக்கு "அப்படி ஒரு பயனர் இல்லை" என்று பதில் போயிருக்கும். மறுபடி முயன்றதும் சரியாகியிருக்கும். யாரும் புகார் செய்யவில்லை. நானும் கவனிக்கவில்லை.

ஆகவே வரிசையை மாற்றினேன். பழைய கோப்பைத் தொடுவதே இல்லை. அதே அடைவில் வேறு பெயரில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, முழு உள்ளடக்கத்தையும் அதில் எழுதி, பஃபரைக் காலி செய்து, டிஸ்க் வரை போய்ச் சேர்ந்ததா என்று எஃப்சிங்க் மூலம் உறுதி செய்து, மூடி, ஒவ்வோர் அடியின் பதிலையும் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும், பெயர் மாற்றும் ரீநேம் மூலம் பழைய பெயரின் மேல் புதியதை வைக்கிறேன். ரீநேம் பிளவுபடாத செயல் என்று யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை உறுதி தருகிறது. அந்தப் பெயரைத் திறப்பவருக்கு ஒன்று முழுப் பழைய கோப்பு கிடைக்கும், இல்லையென்றால் முழுப் புதிய கோப்பு கிடைக்கும். ஏற்கெனவே திறந்து படித்துக்கொண்டிருப்பவர் பழையதைக் கடைசி வரை படித்து முடிப்பார். நடுவில் எங்கே சிக்னல் வந்து கொன்றாலும், எங்கே இடமில்லாமல் போனாலும், கெடுவது அந்தத் தற்காலிகக் கோப்பு மட்டுமே. கடவுச்சொல்லையும் கணக்குகளையும் மாற்றும் ஷேடோ தொகுப்பின் கருவிகள் இதைத்தான் வெகு காலமாகச் செய்கின்றன. பழையதைக் கழித்தல் குறியோடு காப்பு எடுத்து, பெயரின் கடைசியில் கூட்டல் குறி சேர்த்த கோப்பில் எழுதி, பிறகு பெயர் மாற்றுகின்றன. அன்று என்னைக் காப்பாற்றிய கழித்தல் குறிக் கோப்பு அவற்றின் உபயம். உண்மையில் என் நிரல் அந்தக் கருவிகளையே அழைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. உங்களால் முடிந்தால் அதைச் செய்யுங்கள்.

எஃப்சிங்க் தேவையா என்று பலரும் கேட்பார்கள். நிரல் சாவது வேறு, கணினி சாவது வேறு. கெர்னலிடம் கொடுத்துவிட்ட தரவு, நிரல் செத்த பிறகும் கெர்னலின் நினைவகத்தில் பத்திரமாக இருந்து டிஸ்குக்குப் போகும். மின்சாரம் போனால் அது போகாது. லினக்ஸ் இயல்பான அமைப்பில், டிஸ்குக்கு இன்னும் போகாத தரவு இருக்கும் நினைவகத் துண்டுகளை, அதாவது அழுக்கான பக்கங்களை, 30 நொடி வரைகூட நினைவகத்தில் வைத்திருக்கும். 2009-ல் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை பரவத் தொடங்கியபோது இது பெரிய சண்டையாகவே வெடித்தது. கணினி செயலிழந்து மீண்டும் எழுந்தால், பலருடைய அமைப்புக் கோப்புகள் பூஜ்ய பைட்டோடு கிடந்தன. பெயர் மாற்றம் டிஸ்குக்குப் போய்விட்டது, உள்ளடக்கம் போகவில்லை. எந்த பிளாக்கில் எழுதுவது என்பதையே ஈஎக்ஸ்டி4 தள்ளிப்போட்டதுதான் காரணம். எஃப்சிங்க்கை அழைக்காதது நிரலாளரின் தவறு என்று ஒரு தரப்பு சொன்னது. பல வருடங்களாகச் சரியாக நடந்தது இப்போது ஏன் கெட வேண்டும் என்று மறு தரப்பு கேட்டது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடைசியில் கெர்னலின் 2.6.30 பதிப்பில், இப்படிப் பெயர் மாற்றி வைக்கும் முறையைக் கண்டுகொண்டு தரவை முன்கூட்டியே டிஸ்குக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். ஆனாலும் அது ஒரு கோப்பு முறைமை செய்யும் சலுகை. ஒரு கணினியின் கணக்குகளை அந்தச் சலுகையை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எஃப்சிங்க்கே தோற்றால்? 2018-ல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளக் குழுவினர் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள். எஃப்சிங்க் ஒருமுறை பிழை சொன்னால், மறுபடி அழைத்தால் போதும் என்று அவர்களுடைய நிரல் நம்பியிருந்தது. லினக்ஸோ எழுத முடியாத பக்கங்களையும் "சுத்தம்" என்று குறித்துவிடுகிறது. இரண்டாவது எஃப்சிங்க்குக்கு எழுத எதுவும் மிச்சமில்லை, ஆகவே அது வெற்றி என்று சொல்லும். தரவு போயே போய்விட்டது. அதன் பிறகு எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளத்தையே நிறுத்தி, பதிவேட்டிலிருந்து மீட்டெழுப்பும்படி மாற்றினார்கள். நம்முடைய சின்னக் கோப்புக்கு அவ்வளவு பாடு வேண்டாம். தற்காலிகக் கோப்பை அழித்துவிட்டு, தோற்றது என்று சொல்லிவிட்டுப் போகலாம், பழையது அப்படியே இருக்கிறதே. மறுபடி முயல வேண்டுமென்றால் புதிய கோப்பிலிருந்து தொடங்க வேண்டும், அதே எஃப்சிங்க்கை மறுபடி அழைக்கக் கூடாது.

ரீநேமுக்குப் பிறகு, அந்த அடைவையும் திறந்து எஃப்சிங்க் செய்ய வேண்டும். பெயர் மாற்றம் என்பது அடைவில் நடக்கும் மாற்றம், கோப்பில் நடப்பதில்லை. இந்தக் கடைசி அடி தோற்றால் என்ன சொல்வது என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். புதிய கோப்பு எல்லோருக்கும் தெரியத் தொடங்கிவிட்டது, திரும்பப் போக வழியில்லை. மின்சாரம் போனால் பழையது திரும்பி வரலாம், ஆனால் எது வந்தாலும் முழுதாக வரும். "மாற்றம் நடந்தது, நிலைத்ததா என்று உறுதி இல்லை" என்று தனியாக ஒரு முடிவு எண்ணைத் திருப்பித் தருவதோடு விட்டுவிட்டேன்.

பெயர் மாற்றும் முறையில் புதிதாக முளைக்கும் தொல்லைகளும் உண்டு. புதிய கோப்பு புதிய கோப்புதான், பழையதன் உரிமையாளர், அனுமதிகள், எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு அடையாளம் எதுவும் தானாக வராது. கடவுச்சொற்களின் ஹாஷ் வடிவம் இருக்கும் ஷேடோ கோப்பை மாற்றும்போது இதில் கவனம் பிசகினால் ஆபத்து. முதலில் உரிமையாளரைத் தவிர வேறு யாருக்கும் படிக்க அனுமதி இல்லாமல் 0600-ல் உருவாக்கி, பிறகு பழையதற்கு ஏற்ப மாற்ற வேண்டும். எல்லோரும் படிக்கும்படி உருவாக்கிவிட்டு அப்புறம் இறுக்கினால், நடுவில் ஒருவர் திறந்துவிட்டால் போயிற்று. மூலக் கோப்பு வேறு எங்கோ காட்டும் குறியிணைப்பாக இருந்தால், ரீநேம் அந்த இணைப்பையே அழித்து அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். தற்காலிகக் கோப்பை டெம்ப் அடைவில் உருவாக்குவதும் உதவாது. அது வேறு கோப்பு முறைமையாக இருந்தால் ரீநேம் மறுத்துவிடும். ஒரே கெர்னலின் மேல் தனித்து ஓடும் சூழலான கன்டெய்னருக்குள் ஹோஸ்ட்ஸ் போன்ற கோப்புகள் தனித்தனியாக மவுன்ட் செய்யப்பட்டிருக்கும். அவற்றின் மேல் ரீநேம் செய்தால் "சாதனம் உபயோகத்தில் இருக்கிறது" என்று பிழை வரும். உரையைத் திருத்தும் செட் கட்டளையின் நேரடித் திருத்தம் கன்டெய்னருக்குள் தோற்பதைப் பார்த்துக் குழம்பியவர்களுக்கு விடை இதுதான்.

சில இடங்களில் பெயர் மாற்ற முடியாது, கடைசியில் சேர்க்கத்தான் முடியும். எம்டேப் அப்படித்தான் இருந்தது. அதற்கு, பிணையத்தில் பகிரும் அடைவுகளை இணைக்கும் சிஐஎஃப்எஸ் மவுன்ட் கருவியில் செய்த திருத்தம் எனக்குப் பிடித்தது. சேர்ப்பதற்கு முன் கோப்பின் அளவைக் குறித்துக்கொள்வது, வரியை எழுதி எஃப்ஃபிளஷ்ஷும் எஃப்சிங்க்கும் செய்து பார்ப்பது, ஏதாவது ஒன்று தோற்றால் குறித்துவைத்த அளவுக்குக் கோப்பை வெட்டிவிடுவது. இதற்கு நடுவில் சிக்னல்கள் வராமல் தடுத்துவைக்க வேண்டும், ஏனென்றால் பாதி வரி கோப்பில் இருக்கும் அந்தக் குறுகிய இடைவெளி தவிர்க்க முடியாதது. சிக்னலைத் தடுப்பது அங்கே அவசியம். பெயர் மாற்றும் முறையிலோ அது வெறும் துப்புரவு வேலை, தற்காலிகக் கோப்பு கிடந்துபோகாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். கோப்பின் நலம் ஒரு சிக்னல் வராமல் இருப்பதை நம்பி இருக்குமானால் அந்த வடிவமைப்பை நான் இப்போது ஏற்பதில்லை, வேறு வழியே இல்லாத இடம் தவிர. எம்டேப்புக்குக் கடைசியில் இன்னும் நல்ல வழி கிடைத்தது. கெர்னலே தன் பட்டியலை ப்ராக் அடைவில் காட்டுகிறது, அதை நோக்கிய குறியிணைப்பாக எம்டேப்பை மாற்றிவிட்டார்கள். கெடுவதற்கு அங்கே இப்போது கோப்பே இல்லை.

பூட்டைப் பற்றி ஒரு விஷயம். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பாஸ்வேடு கோப்பைப் படித்து, மாற்றி, பெயர் மாற்றினால், இரண்டாவது முதலாவதன் மாற்றத்தை விழுங்கிவிடும். கோப்பு முழுதாக இருக்கும், தகவல் தொலைந்திருக்கும். பூட்டு தேவை. அந்தப் பூட்டை அதே கோப்பின் மேல் எஃப்சிஎன்டிஎல் முறையில் போட்டால், நிரலில் வேறெங்கோ அதே கோப்பைத் திறந்து மூடினாலும் பூட்டு சத்தமில்லாமல் கழன்றுவிடும். பெயர் மாற்றிய பிறகோ, நாம் பிடித்திருப்பது பழைய கோப்பின் பூட்டு, அடுத்தவர் பிடிப்பது புதிய கோப்பின் பூட்டு. தனியாக ஒரு பூட்டுக் கோப்பு வைத்து, அதன் மேல் கெர்னல் பூட்டைப் போடுவதே நல்லது. நிரல் செத்தால் கெர்னல் தானே விடுவித்துவிடும். கோப்பு இருந்தால் பூட்டு, இல்லாவிட்டால் திறப்பு என்ற பழைய முறையில், 9-ஆம் சிக்னலால் செத்த நிரலின் பூட்டு அப்படியே கிடக்கும். எம்டேப்பின் பூட்டுக் கோப்பும் அப்படித்தான். அது இருக்கும் நொடியில் மவுன்ட் கருவியைக் கொன்றுவிட்டு, மற்றவர்கள் யாரும் எதையும் மவுன்ட் செய்ய முடியாமல் ஆக்க முடிந்தது. அதற்கும் ஒரு சிவிஇ எண் உண்டு.

புதிய நிரலை எழுதி முடித்ததும் நம்ப மனம் வரவில்லை. முந்தையதையும் நம்பித்தானே வைத்திருந்தேன். ஒரு மெய்நிகர் கணினியில் யூலிமிட்டை 1 என்று வைத்து, அதாவது பாஷ் ஷெல்லில் 1024 பைட்டுக்கு மேல் எழுத முடியாதபடி செய்து ஓட்டினேன். எஸ்ட்ரேஸ் கருவியால், நிரல் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கையான ஒரு சிஸ்டம் காலைப் பொய்யாகத் தோற்க வைக்க முடியும். ரைட், எஃப்சிங்க், குளோஸ், ரீநேம் என்று ஒவ்வொன்றாகத் தோற்கடித்து, ஒவ்வொரு முறையும் மூலக் கோப்பு மாறாமல் இருக்கிறதா, நிரல் தோல்வியைச் சொல்கிறதா என்று பார்த்தேன். குளோஸ் தோற்பதைச் சோதிக்கும்போதுதான் ஓர் இடத்தில் பதிலைப் பார்க்க மறந்திருந்தது தெரிந்தது. மறுபடியும் அதே இடம். பிறகு நிரலை மீண்டும் மீண்டும் ஓட்டி, தற்செயலான நொடியில் 9-ஆம் சிக்னலால் கொல்லும் ஒரு ஸ்கிரிப்டை இரவு முழுவதும் ஓடவிட்டேன். கொல்வதால் எஃப்சிங்க் சரியாக இருக்கிறதா என்று தெரியாது, கெர்னல் உயிரோடுதானே இருக்கிறது. அதற்காக மெய்நிகர் கணினியையே மின்சாரம் போனதுபோல் திடீரென்று நிறுத்தி எழுப்பி, தனியாகச் சில டஜன் முறை பார்த்தேன்.

காலையில் பாஸ்வேடு கோப்பு முழுதாக இருந்தது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் தற்காலிகக் கோப்புகள் கிடந்தன. ஒவ்வொரு மரணத்துக்கும் புதிய தற்செயல் பெயரில் ஒன்று. பெயரே இல்லாத கோப்பை உருவாக்கும் வசதி லினக்ஸில் உண்டு, ஆனால் அதற்குப் பின்னால் பெயர் கொடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் பெயரின் மேல் வைக்க முடியாது. ஆகவே ஷேடோ கருவிகளைப்போல நானும் ஒரே நிலையான பெயருக்கு மாறினேன். பூட்டை வாங்கிய பிறகு, முந்தைய மரணம் விட்டுச்சென்ற அந்தக் கோப்பு இருந்தால் முதலில் அழிக்கிறேன். பூட்டு கையில் இருப்பதால் அது வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. அன்றிரவு ஸ்கிரிப்டை மறுபடி ஓடவிட்டேன். காலையில் அந்த அடைவில் ஒரே ஒரு மிச்சக் கோப்பு இருந்தது. அதன் அளவு 4096.